ஓர் எழுத்து மாறிய ரத்தம்

குழந்தைகளைக் கொல்லும் ஒரு மரபணு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் எப்படி நிலைக்கிறது? பிழைக்க உதவாததை இயற்கைத் தேர்வு மெல்ல மெல்லக் களைந்துவிடும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் கதிர் அரிவாள் ரத்தசோகை என்ற பரம்பரை நோயின் மரபணு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கிறது. நம் நீலகிரிச் சரிவுகளிலும் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதைப் பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர், மருத்துவ வசதி எட்டாத காலத்தில், வயதுக்கு வரும் முன்பே இறந்துபோனார்கள். அப்படிப்பட்ட மரபணு சில நூறு தலைமுறைகளில் காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை.

இதற்கு விடை தேடிப் போனால் மேல்நிலைப் பள்ளி உயிரியல் புத்தகத்தின் முதல் பாடத்தில் தொடங்கிக் கடைசிப் பாடத்தில்தான் நிற்க முடியும். செல்லின் வேதியியல், புரதம், டி.என்.ஏ., மெண்டலின் விதிகள், பரிணாமம், உயிர்த்தொகைச் சூழலியல் எல்லாமே வேண்டும். தேர்வுக்காக இவற்றைத் தனித்தனியாக உருப்போடுகிறோம். ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. அந்த உறவைக் காட்ட இந்த நோயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உயிரியலில் இல்லை என்றே நினைக்கிறேன்.

கதை சிகாகோவில் தொடங்குகிறது. 1904-ம் ஆண்டுக் கடைசியில் வால்டர் கிளமென்ட் நோயல் என்ற இருபது வயது மாணவர் அங்கே ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்தவர். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் ஐயன்ஸ் அவருடைய ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டமான சிவப்பணுக்களுக்கு நடுவே, நீண்டு வளைந்து இரு முனையும் கூரான அணுக்கள் கிடந்தன. அவருடைய மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், நோயலின் நிலையைச் சில ஆண்டுகள் கவனித்துவிட்டு, 1910-ல் ‘அரிவாள் வடிவ’ அணுக்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பிப் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். 1916-ல் நுரையீரல் அழற்சியால் இறந்தபோது அவருக்கு 32 வயது.

சிவப்பணு விசித்திரமான செல். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது, புதிதாகப் புரதம் செய்துகொள்ளும் ரைபோசோம்களும் கிடையாது. எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, உள்ளே ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளை அடைத்து வைத்திருக்கிறது. விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தை நிரப்ப நூற்று முப்பது அணுக்களை வரிசையாக வைக்கவேண்டும். மிகக் குறுகலான தந்துகிக் குழாய்கள் இதைவிட ஒடுக்கம். அதனால் சிவப்பணு மடங்கி நெளிந்துதான் அவற்றைக் கடக்கிறது. 120 நாள் இப்படி ஓடி உழைத்துவிட்டு மண்ணீரலிலும் கல்லீரலிலும் அழிக்கப்படுகிறது. அரிவாளாக வளைந்த அணு விறைத்துப்போகிறது. குறுகிய குழாயில் சிக்குகிறது. அதற்கு அப்பால் உள்ள திசுவுக்கு ஆக்சிஜன் போகாமல் தாங்கமுடியாத வலி வருகிறது. அப்படிப்பட்ட அணுவின் ஆயுள் பத்து, இருபது நாள்தான். எலும்பு மஜ்ஜையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவதே ரத்தசோகை.

அணு ஏன் வளைகிறது? 1927-ல் ஹான், கில்லெஸ்பி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நீக்கினார்கள், அணுக்கள் வளைந்தன. ஆக்சிஜனைத் திரும்பச் செலுத்தினார்கள், பழையபடி வட்டமாயின. இதையே எளிதாக்கிச் செய்யும் சோதனை இன்றும் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தம். ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல் அதனுடன் ஒரு துளி. மேலே மெல்லிய மூடுவில்லையை வைத்து, காற்றுப் புகாமல் ஓரத்தை அடைத்துவிட வேண்டும். சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், வட்டமாக இருந்த அணுக்களின் விளிம்பு முதலில் சுருங்கிக் கோணலாகும், பிறகு ஒரு பக்கம் இழுபட்டுக் கூராகும். இந்தச் சோதனையிலிருந்து ஒன்று நிச்சயமாகிறது: கோளாறு, ஆக்சிஜனைப் பிடித்து விடும் பொருளில்தான் இருக்கவேண்டும். அது ஹீமோகுளோபின்.

1945-ல் ஹார்வர்டு மருத்துவர் வில்லியம் காசில் இதைப் பற்றிப் பேசக் கேட்டவர் வேதியியலாளர் லைனஸ் பாலிங். குறை ஹீமோகுளோபினிலேயே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. சோதித்துப் பார்க்கும் பொறுப்பு ஹார்வி இட்டானோ என்ற இளம் மருத்துவரிடம் வந்தது. (இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக அமெரிக்க அரசு முகாமில் அடைத்து வைத்தவர்களில் இவரும் ஒருவர். பெர்க்லியில் முதலிடம் பெற்ற மாணவர் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.) கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தால் மின்னூட்டத்துக்கு ஏற்ப மூலக்கூறுகள் வெவ்வேறு வேகத்தில் நகரும். இதற்கு மின்னாற்பிரிப்பு என்று பெயர். நோயாளியின் ஹீமோகுளோபின் மற்றவர்களுடையதிலிருந்து மாறுபட்ட வேகத்தில் நகர்ந்தது. நோய் இல்லாத, ஆனால் சோதனையில் சில அணுக்கள் வளையும் பெற்றோரின் ரத்தத்திலோ இரண்டு வகையும் கலந்திருந்தன. 1949-ல் வெளியான அந்தக் கட்டுரை கதிர் அரிவாள் ரத்தசோகையை ‘மூலக்கூறு நோய்’ என்றது. ஒரு நோயின் காரணத்தை ஒரே ஒரு மூலக்கூறு வரை கொண்டுபோய் நிறுத்தியது அதுவே முதல்முறை.

ஆனால் மூலக்கூறில் எந்த இடம்? ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது: ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. மொத்தம் 574. கேம்பிரிட்ஜின் கேவென்டிஷ் ஆய்வகத்தில் வெர்னான் இன்கிராம் 1956-ல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அதில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். டிரிப்சின் என்னும் நொதி, குறிப்பிட்ட இரண்டு அமினோ அமிலங்களுக்கு அடுத்து மட்டுமே புரதச் சங்கிலியை வெட்டும். அதனால் ஹீமோகுளோபின் எப்போதும் ஒரே மாதிரியான சுமார் முப்பது துண்டுகளாகும். அந்தக் கரைசலில் ஒரு சொட்டை ஒரு பெரிய வடிதாளின் ஓரத்தில் வைத்து, ஒரு திசையில் மின்னழுத்தம் கொடுத்துத் துண்டுகளைப் பிரித்தார். பிறகு தாளைத் திருப்பி, கரைப்பானை ஊறவிட்டு, குறுக்குத் திசையில் மறுபடி பிரித்தார். காயவைத்து நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கியதும் தாளெங்கும் ஊதாப் புள்ளிகள் எழுந்தன. நல்ல ஹீமோகுளோபினின் தாளையும் அரிவாள் ஹீமோகுளோபினின் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. மற்ற எல்லாம் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.

இடம் மாறிய அந்தத் துண்டை மேலும் உடைத்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் இருக்கவேண்டும். அரிவாள் ஹீமோகுளோபினில் அங்கே வாலின் இருக்கிறது. 146-ல் ஒன்று. அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய மாற்றம் ஆளைக் கொல்வது எப்படி என்பதற்கு விடை முதல் பாடத்திலேயே, செல்லின் வேதியியலிலேயே இருக்கிறது. குளுட்டமிக் அமிலத்தின் பக்கத்தொகுதியில் எதிர்மின்னூட்டம் உண்டு. நீரோடு அது இணக்கமாக இருக்கும். வாலினின் பக்கத்தொகுதி வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்; எண்ணெயின் இயல்பு அதற்கு. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ச் சொட்டுகளைப் பாருங்கள். தனித்தனியாகக் கிடந்தாலும், பக்கத்தில் வந்ததும் ஒன்றாகிவிடும். எண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் ஏதோ ஈர்ப்பு இருப்பதால் அல்ல. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைந்துகொள்ள விரும்பி, எண்ணெயைத் தொடும் பரப்பைக் குறைத்துக்கொள்வதால். நீர்வெறுப்பு விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடும்போது அதன் வடிவம் சற்றே மாறும். அப்போது அதன் பீட்டா சங்கிலியில், நீரை விரும்பாத ஒரு சிறு பள்ளம் வெளியே தெரியும். பக்கத்து மூலக்கூறின் வாலின் அந்தப் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அதனோடு இன்னொன்று, அதனோடு மற்றொன்று என்று சேர்ந்து பதினான்கு இழைகள் முறுக்கிய நீண்ட நார் உருவாகிறது. நார்கள் வளர வளர, செல் சவ்வை உள்ளிருந்து தள்ளி அதை அரிவாளாக்குகின்றன. நுரையீரலில் ஆக்சிஜன் ஏறியதும் பள்ளம் மறைந்து நார் கரைந்துவிடும். ஆனால் பலமுறை வளைந்து நிமிர்ந்த சவ்வு பழுதாகி, ஒரு கட்டத்தில் திரும்ப வட்டமாவதில்லை.

இங்கே நோயின் போக்கையே தீர்மானிக்கும் நுட்பம் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் போன கணத்திலேயே நார் உருவாவதில்லை. சிறிது தாமதம் உண்டு. அந்தத் தாமதத்துக்குள் சிவப்பணு தந்துகியைக் கடந்து நுரையீரல் பக்கம் திரும்பிவிட்டால் தப்பித்தது. செல்லுக்குள் அரிவாள் ஹீமோகுளோபினின் செறிவு சற்றே கூடினாலும் தாமதம் பல மடங்கு குறைந்துவிடும் என்று 1970-களில் அளந்து கண்டார்கள். உடலில் நீர் வற்றினால் ஏன் வலி வருகிறது, ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று நோயாளிகளிடம் மருத்துவர்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பதற்கெல்லாம் காரணம் இதுதான்: நீர் குறைந்த செல்லில் செறிவு கூடுகிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர் சாதாரணமாக வாழ்வதற்கும் இதுவே காரணம். அவருடைய ஹீமோகுளோபினில் பாதிக்கும் குறைவாகத்தான் அரிவாள் வகை. தாமதம் நீண்டுவிடுகிறது, அணு வளைவதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிடுகிறது.

வாலின் அந்த இடத்துக்கு எப்படி வந்தது? புரதத்தில் அமினோ அமிலங்களின் வரிசையை டி.என்.ஏ.வில் உள்ள நான்கு எழுத்துகள், மும்மூன்றாகச் சேர்ந்து சொல்கின்றன. மூன்று எழுத்துச் சொல் எது எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்ற அகராதியை 1960-களில் நிரன்பெர்க்கும், பஞ்சாபில் பிறந்த ஹர் கோபிந்த் குரானாவும் மற்றவர்களும் கண்டுபிடித்தார்கள். 1968-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பீட்டா சங்கிலியின் மரபணு 11-ம் குரோமோசோமில் இருக்கிறது. குளுட்டமிக் அமிலத்தைக் குறிக்கும் சொல் ஜி-ஏ-ஜி. அதன் நடு எழுத்து ஏ மாறி டி ஆனால் ஜி-டி-ஜி, அதாவது வாலின். முந்நூறு கோடி எழுத்துகளில் ஓர் எழுத்து. அகராதி கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரு மரபணுவின் மாற்றம் புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றுகிறது என்று இன்கிராமின் ஊதாப் புள்ளி காட்டிவிட்டது. மரபணு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு நேரடியான முதல் பதில் அது.

இனி மெண்டல். ஒவ்வொருவரிடமும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு, ஆளுக்கு ஒன்றாகப் பெற்றோர் தந்தவை. மாறிய பிரதி இரண்டும் சேர்ந்தால் நோய். ஒன்று மட்டும் இருந்தால் நோயில்லை. 1949-ல் ஜேம்ஸ் நீல் அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து, நோயாளியின் பெற்றோர் இருவருமே ஒற்றைப் பிரதி உடையவர்கள் என்று காட்டினார். அப்படியானால் இது ஒடுங்கு பண்பு என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடம் அது. நோயை வைத்துப் பார்த்தால் ஒடுங்கு பண்பு, சரி. மின்னாற்பிரிப்பில் பார்த்தால் இரண்டு ஹீமோகுளோபினும் தெரிகின்றன. அப்போது இது இணை ஓங்குத்தன்மை. கீழே வரப்போகும் மலேரியாவை வைத்துப் பார்த்தாலோ, ஒற்றைப் பிரதியே பலன் தந்துவிடுகிறது. அங்கே இது ஓங்கு பண்பு. ஓங்குதலும் ஒடுங்குதலும் மரபணுவின் மேல் ஒட்டிய முத்திரைகள் அல்ல. எந்தப் பண்பை எந்த அளவில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை. பாடப்புத்தகம் இதை இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

புதிரின் முடிச்சை அவிழ்த்தவர் ஆன்டனி ஆலிசன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து கென்யாவில் வளர்ந்தவர். 1949-ல் ஆக்ஸ்போர்டு மருத்துவ மாணவராகக் கென்யாவுக்கு ஒரு பயணக்குழுவுடன் போனவர், பல இனக்குழுக்களின் ரத்தத்தைச் சேகரித்தார். கடற்கரை ஓரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் வாழ்ந்தவர்களில் இருபது சதவீதத்துக்கு மேல் ஒற்றைப் பிரதி உடையவர்களாக இருந்தார்கள். உயர்ந்த மேட்டு நிலத்திலும் வறண்ட நிலத்திலும் ஒரு சதவீதம்கூட இல்லை. மொழியும் குலமும் வேறு வேறாக இருந்தாலும் நிலத்தைப் பார்த்தால் கணக்கு ஒத்துவந்தது. ஈரமும் வெப்பமும் உள்ள தாழ்நிலத்தில் என்ன இருக்கிறது? கொசு இருக்கிறது, மலேரியா இருக்கிறது.

ஊகத்தோடு அவர் நிற்கவில்லை. உகாண்டாவில் கம்பாலா பக்கம் 290 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். அரிவாள் மரபணு இல்லாத 247 பேரில் 113 பேருக்கு, அதாவது 46 சதவீதம் பேருக்கு, மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. ஒற்றைப் பிரதி உடைய 43 பேரில் 12 பேருக்கு மட்டுமே, 28 சதவீதம். 1954-ல் வெளியிட்டார். தாமே முன்வந்த பெரியவர்கள் முப்பது பேரிடம் மலேரியாவைத் தொற்றவைத்தும் பார்த்தார்: மரபணு இல்லாத பதினைந்து பேரில் பதினான்கு பேருக்குத் தொற்றியது, ஒற்றைப் பிரதி உடைய பதினைந்து பேரில் இரண்டு பேருக்கு மட்டும். இன்று எந்த நெறிக்குழுவும் அப்படி ஒரு சோதனையை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. பின்னாளில் நடந்த பெரிய ஆய்வுகள் அந்த வழியில் போகாமலேயே அதே முடிவுக்கு வந்தன. உயிரைப் பறிக்கும் கடும் மலேரியாவிலிருந்து ஒற்றைப் பிரதி தரும் பாதுகாப்பு சுமார் 90 சதவீதம். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுவில் ஆக்சிஜன் குறைந்து, அது சீக்கிரமே வளைந்துவிடுகிறது. மண்ணீரல் அதை ஒட்டுண்ணியோடு சேர்த்து அழித்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஒட்டுண்ணியின் வளர்ச்சியே தேங்கிவிடுவதும் உண்டு. காரணம் ஒன்றல்ல, பல என்பதே இன்றைய நிலை. இன்கிராம் தம் சோதனைக்கு எடுத்த அரிவாள் ஹீமோகுளோபின், ஆலிசன் கேம்பிரிட்ஜில் விட்டுச்சென்றது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வேதியியலும் பரிணாமமும் ஒரே சோதனைக்குழாயில் இருந்தன.

இனிக் கணக்கு. சமன்பாடு வேண்டாம், விரல்விட்டு எண்ணினால் போதும். ஓர் ஊரில் இந்த மரபணுவின் பிரதிகளில் பத்தில் ஒன்று அரிவாள் வகை என்று கொள்வோம். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இரண்டும் அரிவாள் பிரதி. பதினெட்டுக் குழந்தைகளுக்கு ஒற்றைப் பிரதி. மீதி எண்பத்தொரு குழந்தைகளுக்கு எதுவும் இல்லை. நோயுள்ள அந்த ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. மரபணு இல்லாத எண்பத்தொரு பேரில் ஒன்பது குழந்தைகளை மலேரியா கொண்டுபோகிறது. ஒற்றைப் பிரதி உள்ள பதினெட்டுப் பேரும் பிழைக்கிறார்கள். பிழைத்து வளர்ந்த தொண்ணூறு பேரிடம் மொத்தம் 180 பிரதிகள். அவற்றில் அரிவாள் வகை 18. மறுபடியும் பத்தில் ஒன்று. அடுத்த தலைமுறையிலும் அதேதான். மரபணு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இதைச் சமநிலைப் பல்லுருத்தன்மை என்கிறார்கள். ஆனால் அந்தச் சமநிலைக்கு ஒவ்வொரு நூறு பிறப்பிலும் பத்துக் குழந்தைகளின் உயிர் விலையாகப் போகிறது. இயற்கைத் தேர்வு என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாக எழுதுவது, உண்மையில் இந்தச் சாவுகளின் கணக்கு.

மலேரியா ஒழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 99 பேர் பிழைக்கிறார்கள், 198 பிரதிகள், அவற்றில் 18. பதினொன்றில் ஒன்று. அடுத்த தலைமுறை பன்னிரண்டில் ஒன்று, அதற்கடுத்து பதின்மூன்றில் ஒன்று. பத்தில் ஒன்று என்பது இருபதில் ஒன்றாகக் குறைவதற்கே பத்துத் தலைமுறை, அதாவது இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அரிதாக ஆக ஆக, பிரதிகள் பெரும்பாலும் நோயில்லாதவர்களிடமே தங்கிவிடுவதால் தேர்வு அவற்றைத் தொடுவதில்லை. கொசுவை ஓட்டிவிட்டால் மரபணுவும் தானாகப் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் போதும்.

மலேரியா ஓர் இடத்தில் நிலைப்பது எதனால்? இதுதான் கடைசிப் பாடம். ஒட்டுண்ணி தன்னந்தனியாக வாழ முடியாது. மனிதர் உடலும் வேண்டும், அனாஃபிலிஸ் கொசுவும் வேண்டும். கொசுவின் குடலில் அது வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டார். ஆப்பிரிக்காவின் முக்கியக் கொசு இனம் நிழலடர்ந்த காட்டில் அதிகம் பெருகாது; வெயில் படும் சிறு தேக்கங்களில் முட்டையிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் மரபணுவின் பரவலை 1958-ல் ஆராய்ந்த மானிடவியலாளர் ஃபிராங்க் லிவிங்ஸ்டன், அதை வேளாண்மையோடு இணைத்தார். காட்டை வெட்டிக் கிழங்கு பயிரிட்டார்கள். வெயில் தரையில் பட்டது, தேக்கங்கள் பெருகின. பயிரால் ஊர்கள் பெருத்தன. கொசு ஒரே இரவில் பலரைக் கடிக்கும் அளவுக்கு மக்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். மலேரியா நிலைத்தது. அதன்பின் அரிவாள் மரபணு ஏறியது. மண்வெட்டியும் கோடரியும் மனித டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தின் எண்ணிக்கையை மாற்றியிருக்கின்றன என்ற இந்த முடிவை நான் உயிரியலின் பெரிய முடிவுகளில் ஒன்றாக வைப்பேன்.

ஒட்டுண்ணியும் சும்மா இருக்கவில்லை. அதன் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட சில மாற்றங்கள் உடைய வகைகள், அரிவாள் பிரதி உடையவர்களையும் தொற்றிவிடுகின்றன என்று காம்பியா, கென்யா குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2022-ல் காட்டியது. பந்தயம் இன்னும் நடக்கிறது.

நீலகிரிக்கு வருவோம். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் இந்தப் பண்பைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மட்டுமே உரியது என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். இன்று இருளர், குறும்பர், பணியர் முதலிய மக்களிடமும், மத்திய இந்தியா, குஜராத், மகாராஷ்டிரம், ஒடிசா பழங்குடியினரிடமும் இது பரவலாக இருப்பது தெரியும். வயநாடும் கூடலூர்ப் பகுதியும் காய்ச்சலுக்குப் பேர்போன காடுகளாக இருந்தவை. அங்கே வாழ்ந்து நிலைத்தவர்களின் ரத்தத்தில் இந்த எழுத்து இருப்பது, ஆலிசனின் கணக்கை அறிந்தவருக்கு வியப்பாக இராது.

பிறந்த குழந்தைக்கு ஏன் முதல் சில மாதம் நோய் தெரிவதில்லை? கருவில் இருக்கும்போது பீட்டா சங்கிலிக்குப் பதிலாக காமா சங்கிலி கொண்ட வேறொரு ஹீமோகுளோபின் வேலை செய்கிறது. பிறந்தபின் அது மெல்ல நின்று, பீட்டா அந்த இடத்துக்கு வருகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948-ல் இதைக் கவனித்து, கருக்கால ஹீமோகுளோபின்தான் பிள்ளைகளைக் காக்கிறது என்று சொன்னார். காமா மரபணு அழிந்துபோவதில்லை; அணைக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை அதை ஓரளவு திரும்ப எழுப்புகிறது. 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் சிகிச்சையும் இதையேதான் செய்கிறது: நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, காமாவை அணைக்கும் விசையைக் கெடுத்து, திரும்பச் செலுத்துகிறார்கள். அதன் விலை கோடிக்கணக்கில். மாத்திரையோ மலிவு. நம் நாட்டில் இப்போது ஆக வேண்டியது, அந்த மாத்திரையும், குழந்தைகளைத் தொற்றிலிருந்து காக்கும் தடுப்பூசியும் பென்சிலினும் மலைக்கிராமத்துக்குத் தவறாமல் போய்ச் சேர்வதுதான்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. பரிசோதனை நல்லது. ஆனால் அதன் முடிவைச் சொல்லும் விதத்தில் ஒரு பெண்ணின் திருமணம் நின்றுபோகலாம், ஒரு குடும்பத்துக்குப் பழி வரலாம். ஒற்றைப் பிரதி உடையவர் நோயாளி அல்லர். கெட்ட ரத்தம் என்ற பேச்சுக்கு அறிவியலில் இடமே இல்லை. மலேரியாக் காட்டில் பாட்டன் பூட்டனைப் பிழைக்கவைத்த மரபணு அது.

உங்கள் குடும்பம் இந்தச் சமூகங்களைச் சேர்ந்தது என்றால், அல்லது உறவில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், திருமணத்துக்கு முன்பே ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒற்றைப் பிரதி இருந்தால், கருத்தரிக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த பிள்ளைக்கு வராது என்று எண்ணிவிட வேண்டாம்.